தொட்டிலருகே ஒரு ரசாயனக் கிடங்கு

பாச்சை உருண்டை, கொசுவர்த்தி, கண்மை, பால் புட்டி: பாசத்தோடு வாங்கும் பொருட்களே பச்சிளங் குழந்தைக்குப் பகையாகலாம். சட்டங்கள் இருக்கின்றன. அவை கடை அலமாரி வரை வந்து சேர்வதுதான் பிரச்னை.

அந்தமானில் பிறக்கும் ஒரு குழந்தைக்குத் தேவையான பொருட்களில், தாய்ப்பாலைத் தவிர ஏறக்குறைய எல்லாமே கடல் கடந்து வருபவை. சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் துறைமுகங்களில் ஏற்றப்படும் சரக்கு, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் இறங்குகிறது. அங்கே சாத்தாம் படகுத்துறையில் மறுபடியும் ஏறி விரிகுடாவைக் கடந்தால் பாம்பூஃப்ளாட். 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமாரின் வழிவந்தவர்களும் தமிழர்களும் வங்காளிகளும் தெலுங்கர்களும் கலந்து வாழும் ஊர்.

சோப்பு, பவுடர், பால் புட்டி, கிலுகிலுப்பை, கண்மை, கொசுவர்த்திச் சுருள், பாச்சை உருண்டை எல்லாம் இந்த வழியாகத்தான் வருகின்றன. இவற்றில் பலவற்றை ஒழுங்குபடுத்த மத்திய அரசின் சட்டங்களும் தர விதிகளும் உள்ளன. சரக்கோடு சேர்ந்து சட்டமும் கப்பலேறுகிறதா என்பதுதான் கேள்வி.

தீவின் தட்பவெப்பம் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. துணி காய நாளாகும், பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், கொசுவுக்கும் பஞ்சமில்லை. ஆகவே பாச்சை உருண்டையும் கொசுவர்த்தியும் இங்கே ஆடம்பரப் பொருட்கள் அல்ல. ஆனால் பிறந்து சில நாட்களே ஆன குழந்தை இருக்கும் வீட்டில் கவனம் முதலில் போக வேண்டியதும் இந்த இரண்டின் மேல்தான்.

சின்ன உடம்பு, பெரிய அளவு

பெரியவர்கள் தாங்கும் ரசாயனத்தைக் குழந்தை ஏன் தாங்காது? கணக்கு எளிது. சில வாரக் குழந்தை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி பால் குடிக்கிறது. இதே விகிதத்தில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் குடிப்பதானால் தினமும் ஒன்பது லிட்டர் குடிக்க வேண்டும். மூச்சுக் காற்றும் அப்படியே. எடைக்கு எடை ஒப்பிட்டால் குழந்தை இழுக்கும் காற்று பெரியவரைவிட மிக அதிகம்.

உள்ளே போனதை வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது. பிறந்த குழந்தையின் கல்லீரலில் அதற்கான நொதிகள் முழு வேகத்தில் இயங்கத் தொடங்கியிருக்காது. மூளையோ அசுர வேகத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். தவழத் தொடங்கியதும் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடல் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், குழந்தையின் உடல் பாதி வரை உறிஞ்சிவிடும்.

பெட்டிக்குள் பதுங்கியிருக்கும் ஆபத்து

பாச்சை உருண்டைகள் பலவற்றில் இருப்பது நாப்தலின். திடப்பொருளாக இருந்து நேராக ஆவியாகும். துணி மடிப்புகளில் தங்கும். கொழுப்பில் கரையும் என்பதால், எண்ணெய் தடவிய தோல் வழியே எளிதில் உள்ளே போகும். உடம்புக்குள் போனபின் அது மாறும் வடிவங்கள் ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன.

பெரும்பாலோருக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. ஜி-6-பி.டி. என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்குத்தான் அபாயம். தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோம் வழியே இறங்கும் குறைபாடு என்பதால் ஆண் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். இந்தியாவில் சில சமூகங்களில் இது மிகக் குறைவு. சில பழங்குடியினரிடம் பத்து சதவீதத்துக்கும் மேல். மலேரியாவுக்குத் தரப்படும் பிரைமாகுயின் மாத்திரையும் இதே குறைபாடு உள்ளவர்களின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். எனவே மலேரியா பழகிய பகுதிகளின் மருத்துவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல.

நொதிக் குறைவுள்ள சிசுவை, பாச்சை உருண்டை போட்ட பெட்டியிலிருந்து எடுத்த துணியில் சுற்றினால் சிவப்பணுக்கள் மளமளவென்று சிதையலாம். அதிலிருந்து வெளிப்படும் மஞ்சள் நிறமியைக் கல்லீரல் சமாளிக்க முடியாமல் காமாலை ஏறும். அளவு மீறினால் நிறமி மூளையில் படியும். பிழைத்தாலும் காது கேளாமை, கை கால் இயக்கக் கோளாறு என்று வாழ்நாள் முழுதும் தொடரலாம். கிரீஸ் நாட்டில் நாப்தலின் ஆவியால் பாதிக்கப்பட்ட 21 சிசுக்களைப் பற்றி 1963இல் மருத்துவர்கள் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அவர்களில் 12 பேருக்கு இந்த நொதிக் குறைபாடு இருந்தது, இருவர் இறந்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் நாப்தலின் உருண்டைகளின் விற்பனையை நிறுத்தியது. இந்தியாவில் அவை மளிகைக் கடையிலேயே கிடைக்கின்றன.

நம் வழக்கம் ஒன்று இங்கே சிக்கலாகிறது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், பாட்டியின் பழைய நூல் புடவையைக் கிழித்துப் பயன்படுத்துவது நல்ல பழக்கம்தான். புடவை பல மாதம் பாச்சை உருண்டையோடு டிரங்குப் பெட்டியில் கிடந்திருந்தால் நன்மை தீமையாகிவிடும். பிரசவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே துணிகளை எடுத்து, சோப்புப் போட்டுத் துவைத்து, வாடை முற்றிலும் போகும்வரை வெயிலில் திரும்பத் திரும்பக் காயவைக்க வேண்டும். வாடை போகாத துணியைக் குழந்தையிடம் கொண்டு வரவே கூடாது. பெட்டிக்கு உலர்ந்த வேப்பிலை போதும்.

சுருளின் புகை

அந்தமானில் கொசுவைக் கண்டு அஞ்சாமல் இருக்க முடியாது. மலேரியா, டெங்கு இரண்டும் குழந்தைக்கு ரசாயனத்தைவிட உடனடியான எதிரிகள். கொசுவை விரட்ட வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எதைக்கொண்டு விரட்டுவது என்பதே பேச்சு.

சீன, மலேசியக் கொசுவர்த்திச் சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரே ஒரு சுருள் எரிந்து முடிக்கும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று கண்டது. சுருளில் பூச்சிக்கொல்லி மிகக் கொஞ்சம். மீதியெல்லாம் மரத்தூளும் ஓட்டுத்தூளும் போன்ற எரிபொருள்தான். மழைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய அறையில் இரவு முழுவதும் அது கனன்றால், தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் நுரையீரலுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குளிப்பாட்டியதும் காட்டும் சாம்பிராணிப் புகைக்கும் இது பொருந்தும்.

மாற்று பழையது, மலிவானது: கொசுவலை. மலேரியா உள்ள பகுதிகளுக்கு அரசு வழங்கும் நீடித்த மருந்து தோய்த்த வலைகள் இதற்காகவே உள்ளவை. டெங்கு கொசு பகலில் கடிப்பது. ஆகவே பகல் தூக்கத்துக்கும் குடை வலை வேண்டும். வீட்டைச் சுற்றித் தேங்கும் மழைநீரைக் கவிழ்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு மாதம் நிறையாத குழந்தையின் தோலில் கொசு விரட்டிக் களிம்பு எதுவும் தடவக் கூடாது.

மை, கற்பூரம், சாயம்

கண் திருஷ்டிக்கு வைக்கும் மையிலும் இரண்டு வகை. வீட்டில் விளக்குக் கரியைப் பிடித்துச் செய்யும் மையில் ஈயம் சேர்வதில்லை. என்றாலும் விரலால் கண்ணுக்குள் தீட்டினால் தொற்று வரும் என்பதால் மருத்துவர்கள் அதையும் விரும்புவதில்லை. கடையில் விற்கும் சுர்மாவின் கதை வேறு. பல சுர்மாக்களின் மூலப்பொருள் ஈய சல்ஃபைடு என்ற கனிமம். சிலவற்றில் எடையில் பாதிக்கு மேல் ஈயம். நிறத்துக்காக ஈயச் சேர்மங்களை அழகுசாதனப் பொருட்களில் சேர்ப்பதை இந்திய விதிகள் தடை செய்கின்றன. பெயர், முகவரி இல்லாத டப்பாவுக்குள் அந்த விதி நுழைவதில்லை.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, ரத்தத்தில் கவலைப்படும் அளவு ஈயம் உள்ள குழந்தைகள் உலகில் 80 கோடி என்றும், அவர்களில் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியாவில் என்றும் மதிப்பிட்டது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. இது வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளுக்கு மட்டுமே. படகுக்கு வாங்கியதில் மீந்த பெயிண்டைத் தொட்டில் சட்டத்துக்கோ நடைவண்டிக்கோ அடிக்கக் கூடாது என்பதைக் கடலோர ஊர்களில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சளி பிடித்தால் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவதும் யோசிக்க வேண்டியதே. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய், குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக்கூடியது. கற்பூரம் சேர்ந்த தைலங்களை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை.

சட்டம் பேசும் புட்டி

சட்டம் மிகத் தெளிவாகப் பேசும் பொருள் பால் புட்டி. 1992இல் நிறைவேறி, 1993 ஆகஸ்டில் அமலுக்கு வந்து, 2003இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம் பால் புட்டிக்கும் புட்டிப்பாலுக்கும் விளம்பரம் செய்யவே தடை விதிக்கிறது. மாதிரி தருவதும் தள்ளுபடி அறிவிப்பதும் குற்றம். மீறினால் மூன்றாண்டு வரை சிறை. இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் முத்திரை இல்லாத பால் புட்டியை விற்கவும் முடியாது.

அந்த நிறுவனம் 2015இல் தன் தர விதியைத் திருத்தி, பாலிகார்பனேட் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் பால் புட்டி செய்வதை விலக்கியது. காரணம், அதிலிருந்து கசியும் பிஸ்பீனால்-ஏ. உடம்புக்குள் பெண்மை ஹார்மோனைப் போல நடிக்கும் ரசாயனம் அது. கொதிநீர் ஊற்றினால் கசிவின் வேகம் 55 மடங்கு வரை கூடுவதாக அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வு 2008இல் காட்டியது. கனடா 2010இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் இத்தகைய புட்டிகளைத் தடை செய்தன. இந்தியா விதியைத் திருத்திய பிறகும், 2019இல் டெல்லியின் டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு சந்தையில் வாங்கிச் சோதித்த பால் புட்டிகளிலும் சிப்பி கப்களிலும் பிஸ்பீனால்-ஏ தென்பட்டது.

மாற்றாக வந்த பாலிபுரோப்பிலீன் புட்டியும் கறையற்றதல்ல. சுடுநீர் பட்டால் லிட்டருக்கு 1.6 கோடி வரை பிளாஸ்டிக் நுண்துகள்களை அது உதிர்ப்பதாக அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020இல் அறிவித்தார்கள். அத்துகள்கள் குழந்தைக்கு என்ன செய்யும் என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. அதுவரை வழி எளிது: பாலை எவர்சில்வர் பாத்திரத்தில் கலந்து, ஆறவைத்து, பிறகு புட்டியில் ஊற்ற வேண்டும். அதைவிட நல்லது நம் வீட்டுச் சங்கு அல்லது பாலாடை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு முதல் ஆறு மாதம் எதுவும் தேவையில்லை, தண்ணீர்கூட.

பொம்மைகளுக்கும் 2021 ஜனவரி முதல் இந்தியத் தர முத்திரை கட்டாயம். முத்திரையோடு உள்ள உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டிப் பார்த்தால் அது அசலா போலியா என்று தெரிந்துவிடும். போலியானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

குறைத்து வாங்குவதே காப்பு

இத்தனையையும் படித்துவிட்டு விலை உயர்ந்த ‘இயற்கை’ப் பொருட்களைத் தேடி ஓட வேண்டியதில்லை. பட்டியலைத் திரும்பப் பார்த்தால் தீர்வுகளில் பெரும்பாலானவை காசு கேட்காதவை என்பது புரியும். பவுடர் வேண்டாம், மாவு போலப் பறப்பது நுரையீரலுக்குள் போகும். வாசனைத் திரவியம் வேண்டாம். சுர்மா வேண்டாம். பாச்சை உருண்டை வேண்டாம். சுருளுக்குப் பதில் வலை, புட்டிக்குப் பதில் பாலாடை. குழந்தையின் அறையை அலங்கரிக்க வாங்குவதில் பாதியைத் தவிர்த்தாலே ரசாயனத்தில் பாதி குறையும்.

கண்ணும் தோலும் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்துச் சோர்ந்தாலோ காலை வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் பாச்சை உருண்டை இருந்ததென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஊருக்கும் பெரிய மருத்துவமனைக்கும் நடுவே ஒரு விரிகுடா இருக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

எல்லாப் பொறுப்பையும் தாயின் தலையில் ஏற்றிவிடவும் முடியாது. எந்தப் பிளாஸ்டிக்கில் என்ன இருக்கிறது என்று அடுக்களையில் சோதித்துப் பார்க்க யாராலும் ஆகாது. முத்திரை இருக்கிறதா என்று பாம்பூஃப்ளாட் கடையில் ஒரு பெண் கேட்பதற்கு முன்பே, அந்தப் புட்டி கப்பலேறிய துறைமுகத்திலும் அதை வாங்கி அனுப்பிய மொத்த வியாபாரியின் கிடங்கிலும் அதிகாரிகள் கேட்டிருக்க வேண்டும். பால் புட்டியைப் பொறுத்தவரை 1993 முதல் சட்டம் சொல்வது அதைத்தான்.