பழைய மேசைக் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட வன்தட்டுகளை இணைத்தல்

ஐடிஇ என்பது வன்தட்டு, குறுந்தட்டு இயக்கி ஆகியவற்றைத் தாய்ப்பலகையுடன் இணைக்கப் பழைய மேசைக் கணினிகளில் பயன்பட்ட இடைமுகம் ஆகும். 1980களின் நடுவில் உருவான இம்முறை, 1994இல் ஏடிஏ என்னும் பெயரில் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. 2003 முதல் சாட்டா இணைப்பு படிப்படியாக இதன் இடத்தைப் பிடித்தது.

மாஸ்டர், ஸ்லேவ்

பெரும்பாலான தாய்ப்பலகைகளில் பிரைமரி, செகண்டரி என இரண்டு ஐடிஇ இணைப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டை வடத்தின் வழியாக இரண்டு இயக்கிகளைப் பொருத்தலாம். ஆகவே மொத்தம் நான்கு இயக்கிகளை இணைக்க முடியும்.

ஒரே வடத்தில் உள்ள இரு இயக்கிகளுக்கும் கம்பிகள் பொதுவானவை. கட்டளை யாருக்கு உரியது என்பதை அறிய, ஒன்று மாஸ்டர் ஆகவும் மற்றொன்று ஸ்லேவ் ஆகவும் இருக்க வேண்டும். பெயர் அவ்வாறு இருந்தாலும், மாஸ்டர் மற்றதை ஆள்வதில்லை; இவை 0, 1 என்னும் அடையாள எண்களே. இரண்டும் மாஸ்டர் ஆக இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதிலளிக்கும். பயாஸ் அவற்றைச் சரியாகக் கண்டறியாது.

அமைக்கும் முறை

1. கணினியை நிறுத்தி, மின்வடத்தைக் கழற்ற வேண்டும்.
2. வன்தட்டின் மேல் ஒட்டியுள்ள படத்தைப் பார்த்து, பின்புற முட்களில் ஜம்பரைப் பொருத்த வேண்டும். சில வன்தட்டுகளில் தனியாக இருப்பதற்கும், ஸ்லேவ் உடன் இருப்பதற்கும் வெவ்வேறு நிலைகள் உண்டு.
3. கேபிள் செலக்ட் நிலையில், வடத்தில் உள்ள இடமே அடையாளத்தைத் தீர்மானிக்கும். 80 கம்பி வடத்தில் நீல முனை தாய்ப்பலகைக்கும், கறுப்பு முனை மாஸ்டருக்கும், நடுவிலுள்ள சாம்பல் நிற இணைப்பி ஸ்லேவுக்கும் உரியவை.
4. வடத்தின் ஓரத்திலுள்ள வண்ணக் கோடு முதலாம் முள்ளின் பக்கம் இருக்க வேண்டும்.
5. நான்கு முள் மின் இணைப்பைப் பொருத்தி, பயாஸ் பட்டியலில் எல்லா இயக்கிகளும் தெரிகின்றனவா எனச் சரிபார்க்க வேண்டும்.

ஒரு வடத்தில் ஒரு நேரத்தில் ஓர் இயக்கி மட்டுமே தரவை அனுப்பும். எனவே அடிக்கடி தரவைப் பரிமாறும் இரு இயக்கிகளை வெவ்வேறு வடங்களில் இணைப்பது நல்லது.

தரவு இழப்பு

டாஸ், விண்டோஸ் 98 ஆகியவை எல்லா வன்தட்டுகளின் முதன்மைப் பகிர்வுகளுக்கும் முதலில் எழுத்துகளை வழங்கும். முதல் வன்தட்டில் சி, டி என இரு பகிர்வுகள் இருக்கும்போது, முதன்மைப் பகிர்வுள்ள இரண்டாம் வன்தட்டைச் சேர்த்தால் டி எழுத்து புதியதற்குச் செல்லும். பழைய டி, ஈ ஆக மாறும். இதை அறியாமல் எழுத்தை மட்டும் நம்பி வடிவமைத்தால், அழியக்கூடாத கோப்புகள் அழிந்துவிடும். கொள்ளளவையும் பகிர்வின் பெயரையும் பார்த்த பின்னரே வடிவமைக்க வேண்டும்.

28 இருமமுகவரியைப் பயன்படுத்தும் கணினிகள் ஏறத்தாழ 137 கிகாபைட் வரை மட்டுமே அணுகும். 48 இரும முகவரியை முறையாக ஆதரிக்காத இயக்குதளத்தில் பெரிய வன்தட்டைப் பயன்படுத்தினால், இவ்வெல்லையைத் தாண்டும்போது கோப்புகள் சிதையக்கூடும். விண்டோஸ் எக்ஸ்பியில் முதல் சேவைத் தொகுப்பு இதற்கான ஆதரவைத் தந்தது.

சாட்டாவில் ஒரு வடத்திற்கு ஓர் இயக்கி மட்டுமே இருப்பதால், மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர் தேவையில்லை.