மார்பினும் மூச்சும்: வாசகர் கடிதங்களுக்கு ஒரு விளக்கம்

அடுத்த ஆண்டில் வலி நீக்கும் மார்பின் எவ்வளவு, அதைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் எவ்வளவு தேவைப்படும் என்பதை மதிப்பிட்டு, நவம்பர் முடிவதற்குள் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரிகளுக்கு விதி இருக்கிறது. அந்தக் கெடுவைப் பற்றி நாம் வெளியிட்ட சிறு செய்தி, கெடுவில் அகப்பட்ட ஆஸ்பத்திரிகளைக் காட்டிலும் வாசகர்களையே அதிகமாகக் கலங்க வைத்துவிட்டது என்பதைத் தக்கலை, குலசேகரம், பூதப்பாண்டி, கொட்டாரம் என்று நாலா திசையிலிருந்தும் வந்திருக்கும் கடிதங்களால் அறிகிறோம். குலசேகரத்து அன்பர் ஒருவர் கேட்கிறார்: "இடுப்பெலும்பு ஆபரேஷனின்போது என் தாயாருக்கு மார்பினைவிட நூறு மடங்கு வீரியமுள்ள மருந்தை ஊசி வழியாகச் செலுத்தத் தயங்காத ஆஸ்பத்திரி, வாய்ப்புற்றால் இரவெல்லாம் உறங்காமல் துடிக்கும் என் சித்தப்பாவுக்கு ஒரு மார்பின் மாத்திரை தர மறுப்பானேன்?" கொட்டாரத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மையாரின் சந்தேகம் வேறு: மார்பின் ஆரம்பித்தால் மூச்சு நின்று ஆள் போய்விடுவாராமே, அது மெய்தானா?

இரண்டாவது கேள்விக்கு விடை காணாமல் முதல் கேள்விக்குப் போக வழியில்லை. ஏனெனில், டாக்டர்கள் பலரின் தயக்கத்துக்கும், குடும்பத்தாரின் பயத்துக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் இந்த மூச்சு விஷயமே. அதை யாரும் நிதானமாக விளக்கிச் சொன்னதாகத் தெரியவில்லை.

சாதாரண நிலையில் சுவாசத்தை நடத்துவது, நாம் நினைக்கிறபடி, பிராணவாயுவின் குறைவு அன்று. இரத்தத்தில் சேரும் கரியமிலவாயுவே. அதன் அழுத்தம் பாதரச மானத்தில் 40 மில்லிமீட்டர் என்ற அளவிலிருந்து சற்றே ஏறினாலும், மூளையின் அடியில் முகுளம் என்று சொல்லப்படும் பகுதியும் அதை அடுத்த பகுதிகளும் அந்த ஏற்றத்தை உணர்ந்து, நெஞ்சுக்கும் உதரவிதானத்துக்கும் அடுத்த மூச்சுக்கான ஆணையை அனுப்பிவிடுகின்றன. வலியைக் கொண்டுபோகும் தண்டுவட நரம்பணுக்களின் மேல் மார்பின் எந்த ஏற்பியில் போய்ப் பொருந்துகிறதோ, மியூ என்று பெயரிடப்பட்ட அதே ஏற்பி இந்தச் சுவாச அணுக்களின் மேலும் இருக்கிறது. பொருந்தியவுடன் அணுவுக்குள் கால்சியம் வரும் வாயில் அடைபடுகிறது, பொட்டாசியம் வெளியேறும் வாயில் திறக்கிறது, அணு அடங்கிப்போகிறது. தண்டுவடத்தில் அடங்கினால் அதற்கு வலி நிவாரணம் என்று பெயர், முகுளத்தில் அடங்கினால் அதற்கு மூச்சடக்கம் என்று பெயர். இவ்விரண்டையும் பிரித்துவிட்டோம் என்று மருந்துக் கம்பெனிகள் அவ்வப்போது அறிவிப்பதுண்டு. அந்த நம்பிக்கையோடு வளர்க்கப்பட்டு 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆலிசெரிடின் என்னும் மருந்தின் குறிப்பிலும் மூச்சடக்க எச்சரிக்கை கட்டம் கட்டித்தான் அச்சாகியிருக்கிறது.

அப்படியானால் கொட்டாரத்து அம்மையாரின் பயம் நியாயந்தானே என்று கேட்கலாம். இங்கேதான் இயற்கையின் ஏற்பாடு ஒன்று குறுக்கிடுகிறது; இந்த விஷயம் முழுவதிலும் எம்மை மிகவும் வியக்க வைத்தது அதுவே. மருந்து மெள்ள ஏறும்போது, சுவாசம் சிறிது மந்தப்படுகிறது. மந்தப்பட்டதனாலேயே கரியமிலவாயு சிறிது கூடுகிறது. கூடிய வாயு, மந்தப்பட்ட அணுக்களை மறுபடி தூண்டுகிறது. இவ்வாறு மருந்து ஒரு படி ஏற, அதை எதிர்க்கும் தூண்டுதலும் ஒரு படி ஏறி, 40 இருந்த இடத்தில் 45 என்றோ அதற்குச் சற்று மேலோ ஒரு புதிய சமநிலை ஏற்பட்டு, மனிதர் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறார். மருந்து ஊசி வழியாக ஒரே பாய்ச்சலில் வந்து சேர்ந்தால் கதை வேறு: கரியமிலவாயு கூடுவதற்கு அவகாசம் வேண்டும், மூச்சு முழுவதும் நின்ற பிறகுங்கூட அது நிமிஷத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் ஏறும், அதற்குள் பிராணவாயு தீர்ந்துவிடலாம். ஒரே மருந்து, ஒரே அளவு; வந்து சேரும் வேகம் ஒன்றுதான் பேதம். விதிகளோ மருந்தின் எடையைக் கணக்கிடுகின்றன, வேகத்தைக் கணக்கிடுவதில்லை.

வாய்வழி கொடுக்கும் மாத்திரை உச்சத்தை அடைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். உட்கொண்டதில் பெரும்பகுதியை ஈரல் வழியிலேயே மாற்றிவிடுவதால், மூன்றில் ஒரு பங்கு அளவே இரத்தத்துக்கு வந்து சேரும். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று கிரமமாக, உறக்கம் கெடாமலிருக்க இரவு வேளையில் மட்டும் இரட்டை அளவாக, ஐந்து அல்லது பத்து மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவதே வழக்கம். நோயாளியின் வீட்டு நோட்டுப் புத்தகத்தில் இந்த ஐந்து நேரங்களும், எதிரே "வலி எத்தனை, தூக்கம் எப்படி, வயிறு போயிற்றா" என்ற பத்திகளும் கோடு போட்டு எழுதப்பட்டிருக்கும். முதலில் வலி தணியும். அளவு மிஞ்சினால் மிகையான உறக்கமும் தடுமாற்றமும் வரும், கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும். மூச்சின் எண்ணிக்கை குறைவது பெரும்பாலும் அதற்குப் பின்னரே. தட்டி எழுப்பினால் எழுந்து பேசுகிறவர் பொதுவாக அபாயத்தில் இல்லை. எழுப்ப எழுப்ப எழாதவரைப் பற்றியே பதற வேண்டும். வலியும் சுவாசத்தைத் தூண்டும் ஒரு சக்தி என்பதையும் மறத்தல் ஆகாது. வலி இருக்கும்வரை பொறுத்த அளவு, நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியாலோ கதிர்வீச்சாலோ வலி நீங்கிய மறுநாளே மிகுதியாகிவிடக்கூடும்.

இனி ஆபரேஷன் தியேட்டருக்குள் வருவோம். அங்கே மூச்சு நிற்பது விபத்தன்று, எதிர்பார்த்த காரியம். மயக்க மருந்து டாக்டர் இரண்டு மில்லி கொண்ட சிறு கண்ணாடிக் குப்பியை ஒடித்து, அதிலுள்ள நூறு மைக்ரோகிராம் ஃபென்டனிலைச் செலுத்தும்போது, தொண்டைக்குள் குழாய் செலுத்தும் வேதனையில் இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் தாவி ஏறாமல் தடுப்பதே அவர் நோக்கம். மூச்சு நின்றால் கையிலிருக்கும் பையும் பக்கத்திலிருக்கும் இயந்திரமும் மூச்சு விடும். பால் ஜான்சன் என்ற பெல்ஜிய நிபுணர் 1960ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய இந்த மருந்து, கொழுப்பில் எளிதில் கரையும் சுபாவத்தால், நாலைந்து நிமிஷங்களில் மூளையில் உச்சத்தை எட்டி, அரைமணி முக்கால்மணியில் வேகம் தணிந்துவிடுவதாகத் தோன்றும். தோன்றும் என்றே சொல்ல வேண்டும். அதற்குள் உடல் அதை அழித்துவிட்டது என்று எண்ணினால் பிசகு. பேச்சிப்பாறை அணையில் திறந்த தண்ணீர் வழியிலுள்ள குளங்களுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்வரை கால்வாயில் மட்டம் சட்டென்று வடிவதைப் போல, முதல் ஊசி மருந்து இரத்தத்திலிருந்து தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் இறங்கிவிடுகிறது. நாலைந்து மணி நேரம் மறுபடி மறுபடி செலுத்தினால், குளங்கள் நிரம்பிவிட, அதன்பின் ஈரல் அழிக்கிற மெதுவான வேகத்தில்தான் மட்டம் இறங்கும். நெடுநேர ஆபரேஷனுக்குப் பிறகு நர்ஸ் நோயாளியின் பக்கத்திலேயே இருந்து மூச்சை எண்ணுவது இதற்காகவே. "நல்லா முழிச்சாச்சு, வார்டுக்குக் கொண்டுபோங்களேன்" என்று அவசரப்படும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நர்ஸிடம் சண்டை பிடிக்க மாட்டார்கள்.

ஆகவே தியேட்டரில் தாராளம், வீட்டில் தட்டுப்பாடு என்பதற்கு மருத்துவ சாஸ்திரத்தில் ஆதாரம் இல்லை. சட்டத்தில் இருக்கிறதா?

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், கள்ளக்கடத்தலைப் பிடிக்கிற அவசரத்தில், பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை என்று விதித்தது. கணக்கில் ஒரு மாத்திரை குறைந்தாலும் வம்பு என்று மருந்துக்கடைகளும் ஆஸ்பத்திரிகளும் கையை உதறிவிட்டன. வைத்திருக்க, கொண்டுசெல்ல, மாநில எல்லை தாண்ட என்று தனித்தனி அனுமதிகள் வேண்டியிருந்தன. அவை பல இலாகாக்களின் கையில் இருந்தன. 1985இல் ஏறக்குறைய 600 கிலோவாக இருந்த இந்தியாவின் மருத்துவ மார்பின் உபயோகம் 1997இல் 18 கிலோவாகக் குன்றியது. இது நிகழ்ந்த தேசம், மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் அனுமதியோடு கசகசாப் பயிரிட்டு, காஜிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள சர்க்கார் ஆலைகளில் அபினைப் பதப்படுத்தி, உலகத்தின் மருந்துத் தேவைக்கு ஏற்றுமதி செய்துவந்த தேசம்.

நம் கன்னியாகுமரி ஜில்லாவுக்கு இந்த அவஸ்தை புதிதன்று. திருவிதாங்கூரில் நாம் இருந்த காலத்திலேயே, நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஆர் (Orr) என்பவர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார். எவரெஸ்ட் ஏறப்போய்த் திரும்பும் வழியில் அந்த ஆஸ்பத்திரியைக் கண்டு, பின்னர் அங்கேயே வந்து சேர்ந்த டாக்டர் சோமர்வெல் அவருடன் பணியாற்றினார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே யாருக்கு என்ன வியாதி வருகிறது என்று உலகத்துக்குத் தெரிந்திருக்க, அந்த வியாதிக்காரர்களின் வலிக்கு மாத்திரை வாங்க இன்றும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய்வருவதாக இரண்டு கடிதங்கள் கூறுகின்றன. கேரள எல்லைக்கு அப்பால் நிலைமை மாறியதற்கு ஒரு காரணம், கோழிக்கோட்டில் 1993இல் வலி நிவாரணச் சங்கம் கண்டவர்களில் ஒருவரும், பின்னர் 2003இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கியவருமான டாக்டர் எம். ஆர். ராஜகோபால். அவர் தொழிலால் மயக்க மருந்து நிபுணர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், ஃபென்டனில், மெதடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று வகுக்கப்பட்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரே மூன்று ஆண்டுகளுக்கு ஓர் அங்கீகாரம் தந்தால் போதும் என்று 2015இன் விதிகள் கூறின. சர்க்கார் இதை வலி நிவாரணத்துக்குக் கதவு திறந்த சீர்திருத்தம் என்கிறது. கதவு திறந்தது உண்மை. உள்ளே போவதற்குப் பூட்டிய அலமாரியும், அன்றாடக் கணக்கேடும், வலி நிவாரணப் பயிற்சி பெற்ற டாக்டரும், ஆண்டறிக்கையும், கெடு தவறாத மதிப்பீடும் வேண்டும் என்பதால் சிறிய ஆஸ்பத்திரிகள் வாசலிலேயே நின்றுவிட்டன என்பதும் உண்மை. ஆனால் குலசேகரத்து அன்பர் கவனிக்க வேண்டியது இது: தியேட்டரில் ஃபென்டனில் குப்பியை வாங்கி வைக்க எந்த அங்கீகாரம் தேவையோ, அந்த அங்கீகாரத்தின் கீழேயே மார்பின் மாத்திரையும் வருகிறது. அங்கீகாரம் பெற்றுவிட்ட ஆஸ்பத்திரி, "சட்டம் இடம் கொடுக்கவில்லை" என்று சொன்னால் அது சட்டத்தின் மேல் பழி போடுவதாகும். அவர்கள் வாங்கி வைக்கவில்லை, எழுதித்தர ஆளைப் பயிற்றவில்லை, அவ்வளவே. மாத்திரையின் விலை சொற்பம், லாபமும் சொற்பம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. சிறுநீரகம் பழுதானவருக்குக் கொடுக்கலாமா? மார்பினின் சிதைவுப் பொருள் வெளியேறாமல் தேங்கி அதுவே மயக்கும். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வேண்டும். மலச்சிக்கல் நாளடைவில் சரியாகுமா? ஆகாது, உறக்கமும் குமட்டலும் பழகும், இது பழகாது, முதல் நாளே பேதி மருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அடிமையாகிவிடுவாரா? உடல் பழகும், சட்டென்று நிறுத்தக் கூடாது. வெறி பிடித்து மருந்தைத் தேடி அலைவது வேறு, முன்பே குடியோ போதையோ இருந்தவரிடம் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். மார்பினுக்குப் பதில் டிராமடால் வாங்கிக்கொள்ளலாமா? ஓரளவுக்கு மேல் ஏற்றினால் வலிப்பு வரலாம். 2018 முதல் அதுவும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அளவு மிஞ்சினால் மாற்று மருந்து உண்டா? நலாக்சோன் உண்டு, அதன் வேகம் மார்பினுக்கு முன்பே தணிந்துவிடும் என்பதால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். நோயாளி இறந்தபின் மீந்த மாத்திரைகள்? கொடுத்த இடத்திலேயே திருப்பி ஒப்படையுங்கள்.

அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: நவம்பர் மதிப்பீட்டை எழுதும்போது ஃபென்டனில் ஊசிக்கு மட்டும் கணக்கெழுதி நிறுத்திவிடாமல், பத்து மில்லிகிராம் மார்பின் மாத்திரைக்கும் ஓர் எண்ணிக்கை போட்டு அனுப்புங்கள். வாசகர்களுக்கு: உங்கள் ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை இருப்பு உண்டா, அதை எழுதித்தரப் பயிற்சி பெற்ற டாக்டர் யார் என்று இந்த மாதத்திலேயே கேளுங்கள், இல்லை என்ற பதில் வந்தால், சிகிச்சைச் சீட்டின் நகலுடன் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுதுங்கள்.