பித்தப்பைக் கற்கள்: ரண சிகிச்சை எப்போது அவசியம்?

வயிற்றில் ஏதோ ஓர் உபாதை என்று பட்டணத்திற்குச் சென்று ஸ்கேன் எடுத்துக்கொண்ட குடியானவர், "பித்தப்பையில் கல் இருக்கிறது" என்று எழுதிய சீட்டுடன் ஊர் திரும்புகிறார். அன்றிரவே வீட்டுத் திண்ணையில் ஆலோசனை தொடங்குகிறது. உடனே அறுத்து எடுத்துவிட வேண்டும் என்கிறார் ஒருவர். கத்தி படாமலே கஷாயத்தால் கரைத்துவிடலாம் என்கிறார் மற்றொருவர். நகையை அடகு வைப்பதா, அறுவடை முடியும் வரை பொறுப்பதா என்பது வீட்டுப் பெண்களின் கவலை. அவசியமில்லாத சிகிச்சைக்காகக் கடன்படுவதும் நஷ்டமே. அவசியமான சிகிச்சையைத் தள்ளிப்போட்டு உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்வதும் நஷ்டமே. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பித்தப்பையின் வேலை

நமது கல்லீரல் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதியைத் தேக்கி வைக்கும் சிறு தொட்டியே பித்தப்பை. வலது விலாவின் கீழே, கல்லீரலை ஒட்டி அமைந்துள்ள இப்பையில் 30 முதல் 50 மில்லி லிட்டர் வரைதான் கொள்ளும். எண்ணெய், நெய் கலந்த உணவை நாம் உண்டதும் பை சுருங்கிப் பித்தநீரைக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. பித்தநீரிலுள்ள கொழுப்புச் சத்தோ நிறச் சத்தோ அளவு மீறும்போது அது படிந்து கல்லாகிறது. தொட்டியின் அடியில் கிடக்கும் கல்லால் பாசனத்திற்குத் தடையில்லை. அது மடையில் வந்து அடைத்துக்கொள்ளும்போதுதான் தொல்லை ஆரம்பமாகிறது. பித்தப்பையின் நிலையும் அத்தகையதே.

ஆண்களைவிடப் பெண்களுக்கும், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கும், உடல் பருத்தவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், குறுகிய காலத்தில் மிகுதியாக உடல் இளைத்தவர்களுக்கும் இக்கற்கள் அதிகம் உண்டாகின்றன. இரத்த அணுக்கள் சிதையும் பரம்பரை நோய் உள்ள குடும்பங்களில் சிறு வயதினருக்கும் வருவதுண்டு.

சிறுநீரகக் கல் வேறு, பித்தப்பைக் கல் வேறு என்பதை அனைவரும் நினைவிற் கொள்ள வேண்டும். சிறுநீரகக் கல் சிறியதாயின் சிறுநீருடன் வெளியேறலாம். பித்தப்பைக்கும் சிறுநீர் வழிக்கும் சம்பந்தமே இல்லை. ஆதலின் வாழைத்தண்டுச் சாறு அருந்தினாலும், குடம் குடமாக நீர் பருகினாலும் பித்தப்பைக் கல் வெளியேறாது.

வலி தராத கல்

கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் யாதொரு தொல்லையும் நேர்வதில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, வலியில்லாத கற்கள் உடைய 123 பேரைப் பல்லாண்டுகள் கவனித்து, 1982 ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். பத்து ஆண்டுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும், இருபது ஆண்டுகளில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கும் மட்டுமே வலி தோன்றியது. ஆகவே, வேறு காரணத்திற்காக ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகத் தென்பட்ட கல்லுக்காக நகையை அடகு வைத்து ஓட வேண்டியதில்லை.

இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. கல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தாலும், பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலும், ஒரு சென்டிமீட்டர் அளவிலோ அதற்கு மேலோ சதை வளர்ச்சி காணப்பட்டாலும், புற்றுநோய் அபாயத்தைக் கருதி, வலி இல்லாதபோதிலும் ரண சிகிச்சையைப் பற்றி டாக்டர் யோசிப்பார். அன்றியும், ஏப்பம், வயிற்று உப்புசம், நெஞ்செரிச்சல் போன்றவை பெரும்பாலும் கல்லால் வருபவை அல்ல. பையை எடுத்த பின்னரும் அவை தொடரக்கூடும்.

வலி தரும் கல்

கல்லினால் வரும் வலிக்கு ஓர் அடையாளம் உண்டு. வலது விலாவின் கீழோ மேல்வயிற்றின் நடுவிலோ கடுமையாகத் தோன்றி, முதுகுக்கோ வலது தோள்பட்டைக்கோ பரவும். உணவு உண்ட பின்போ நள்ளிரவிலோ வந்து, அரை மணி முதல் சில மணி நேரம் வரை நீடித்துத் தணியும். வாந்தியும் உடன் வரலாம். இத்தகைய வலி ஒரு முறை வந்தால் மீண்டும் வரக்கூடும். ஆகையால் வலி திரும்பத் திரும்ப வருபவர்களுக்குப் பித்தப்பையை அகற்றுவதே பொதுவான ஆலோசனை.

எனினும், வலி லேசாகவும் அரிதாகவும் உள்ளவர்கள் டாக்டரின் கண்காணிப்பில் பொறுத்துப் பார்ப்பதற்கும் இடமுண்டு. பிரிட்டனில் 434 பேரைக் கொண்டு செய்த ஆராய்ச்சியின் முடிவு 2023 இல் வெளியாயிற்று. ரண சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டவர்களுக்கும், பொறுத்துப் பார்க்க ஒதுக்கப்பட்டவர்களுக்கும் பதினெட்டு மாதங்களில் வலித் துன்பத்தில் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. ஆனால் பொறுத்துப் பார்த்தவர்களிலும் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் அக்காலத்திற்குள் ரண சிகிச்சை செய்துகொண்டனர்.

காத்திருக்கக் கூடாத நிலை

குளிருடன் காய்ச்சல், கண்ணில் மஞ்சள், சிறுநீர் கறுத்துப் போதல், மலம் வெளுத்துப் போதல், ஐந்தாறு மணி நேரமாகியும் தணியாத வலி, ஓயாத வாந்தி ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும் வரை பொறுத்திருத்தல் தகாது. பை அழற்சியுற்றிருக்கலாம், கல் பொதுக் குழாயில் இறங்கி அடைத்திருக்கலாம், கணையம் வீங்கியிருக்கலாம். உடனே 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மேல்வயிற்று வலி சில வேளைகளில் மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கும். வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால், கல் வலி என்றே எண்ணி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

பை அழற்சியுற்றவர்களுக்கு, உடல்நிலை இடம் கொடுக்குமாயின், ஒரு வாரத்திற்குள் ரண சிகிச்சை செய்வதே நலம். குழாயில் கல் இருந்தால், பெரும்பாலும் வாய்வழியே கருவியைச் செலுத்தி முதலில் அதை எடுத்துவிட்டுப் பின்னர் பையை அகற்றுவர்.

சிகிச்சையின் தன்மை

பித்தப்பையை அகற்றும் சிகிச்சையை 1882 இல் பெர்லின் நகரில் லாங்கன்புக் என்ற டாக்டர் முதன்முதலாகச் செய்தார். சிறு துளைகளின் வழியே செய்யும் முறையை 1985 இல் ஜெர்மனியில் மூஹே என்பவர் தொடங்கினார். 1990 இல் பம்பாயில் டாக்டர் உத்வாடியா இதனை நம் நாட்டில் செய்து காட்டினார். துளை முறையில் பெரும்பாலோர் ஓரிரு நாட்களில் வீடு திரும்பி, ஓரிரு வாரங்களில் இலேசான வேலைகளைத் தொடங்கலாம். வயிற்றைத் திறந்து செய்ய நேர்ந்தால் நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். மூட்டை சுமப்பதற்கும் மண்வெட்டி பிடிப்பதற்கும் டாக்டரின் அனுமதி வேண்டும்.

கல்லை மட்டும் எடுத்தால் அப்பையிலேயே மறுபடியும் கல் உண்டாகும். ஆகவே பையையே எடுத்துவிடுகின்றனர். அதன்பின் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேரே குடலுக்குச் செல்வதால் சீரணம் நின்றுவிடுவதில்லை. சிலருக்கு மட்டும் சில காலம் பேதி இருக்கலாம். அபாயம் முற்றிலும் இல்லாத சிகிச்சை ஏதுமில்லை. ஆயிரம் பேரில் மூவர் முதல் ஐவர் வரை பித்தக் குழாயில் காயம் நேர்வதுண்டு. அது கடுமையான தீங்கு.

மாத்திரையால் கரைக்கும் முறை, சிறிய கொழுப்புக் கற்களுக்கு மட்டுமே, அதுவும் பல மாதங்களில் ஓரளவு பயன்படும். நிறுத்தினால் கல் மீண்டும் உண்டாகக் கூடும். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தபின் மலத்தில் காணப்படும் பச்சை உருண்டைகள் கற்கள் அல்ல; எண்ணெய் சோப்பாகத் திரண்ட கட்டிகளே.

முடிவெடுக்கும் முன்

டாக்டரிடம் இவற்றைத் தயங்காமல் கேட்டறிக:

1. என் வலி இக்கல்லால்தான் வருகிறதா?
2. குழாயிலும் கல் உண்டா?
3. இப்போதே செய்ய வேண்டுமா, அறுவடைக்குப் பின் நாள் குறிக்கலாமா?
4. எம்முறையில் செய்வீர்கள்? இச்சிகிச்சையில் தங்கள் அனுபவம் என்ன?
5. அரசு மருத்துவமனையில் செய்துகொள்ள வசதி உண்டா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எனக்கு இடமுண்டா?

காய்ச்சலோ மஞ்சளோ இல்லாமல் அவ்வப்போது வலி வருபவர், டாக்டரின் சம்மதத்துடன் வேலை குறைந்த பருவத்தில் நாள் குறித்துக்கொள்வதில் தவறில்லை. அவசர நிலையில் பாதி இரவில் ஓடுவதைவிட, முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வது உடலுக்கும் நலம், கைப்பணத்திற்கும் நலம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. கல் என்றதும் அஞ்சிக் கடன் வாங்க முனைவோரை, முதலில் அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டி அனுப்புங்கள். காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள் எவை என்று அறிந்து, விண்ணப்பிக்க உதவுங்கள். மேலே கூறிய அபாய அறிகுறிகளைக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். பொறுக்க வேண்டியபோது பொறுக்கவும், விரைய வேண்டியபோது விரையவும் ஊரார் அறிந்திருந்தால், வீண் கடனும் குறையும். காப்பாற்றக்கூடிய உயிரும் காப்பாற்றப்படும்.