சிறு தொழிலகங்களுக்கு மருத்துவக் காப்பீடு: கையொப்பமிடும் முன் கேட்க வேண்டியவை

எங்கள் இதய நோய்ப் பிரிவுக்கு ஒரு நாள் பின்னிரவில், ஐம்பத்திரண்டு வயதுத் தொழிலாளர் ஒருவர் மாரடைப்புடன் அழைத்து வரப்பட்டார். எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையில் அவரே மூத்தவர். அவருடைய மனைவியுடன் பட்டறை உரிமையாளரும் வந்திருந்தார். "செலவைப் பற்றிக் கவலை இல்லை டாக்டர், எல்லோருக்கும் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறேன்" என்றார். அடைபட்ட இரத்தக் குழாயை அன்றிரவே திறந்து ஸ்டென்ட் பொருத்தினோம்.

மறுநாள் காப்பீட்டு நிறுவனத்தின் பதில் வந்தது. நோயாளி ஆறு ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொண்டு வருபவர். பாலிசி எடுத்துப் பதினொரு மாதங்களே ஆகியிருந்தன. முன்பே உள்ள நோய்களுக்கும் அவற்றால் விளையும் பாதிப்புகளுக்கும் 36 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு என்பது பாலிசியின் நிபந்தனை. கோரிக்கை ஏற்கப்படவில்லை.

அன்று மாலை உரிமையாளர் எங்கள் அறைக்கு வந்து, தயங்கியபடியே கேட்டார்: "பிரஷர் இப்போதுதான் தெரிய வந்தது என்று எழுதித் தர முடியுமா டாக்டர்?"

அவர் தீய எண்ணத்துடன் கேட்கவில்லை என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் அவ்வாறு எழுத எங்களால் இயலாது. மருத்துவக் குறிப்பு காப்பீட்டுக்காக எழுதப்படுவதன்று. நாளை அந்நோயாளியைப் பார்க்கும் வேறொரு மருத்துவர் அதை நம்பியே மருந்தைத் தீர்மானிப்பார். இறுதியில் உரிமையாளர் வீட்டு நகைகளை அடகு வைத்துக் கட்டணத்தைச் செலுத்தினார்.

குழுக் காப்பீட்டில் சற்றுக் கூடுதல் பிரீமியம் செலுத்தி அந்தக் காத்திருப்புக் காலத்தை நீக்கிக்கொள்ளப் பல நிறுவனங்கள் வாய்ப்பளிக்கின்றன. "அதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று கொட்டேஷனில் குறைந்ததை எடுத்துக்கொண்டேன்" என்றார் அவர். அவரைப் போன்ற பிறருக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் எது உங்களுக்குரியது?

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தொழிலகங்களில், மாத ஊதியம் ரூ.21,000 வரை பெறுவோருக்கு ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு பொதுவாகக் கட்டாயமாகும். ஊதியத்தில் 3.25 விழுக்காட்டை உரிமையாளரும் 0.75 விழுக்காட்டைத் தொழிலாளரும் செலுத்துகின்றனர். தொழிலாளருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் சிகிச்சை கிடைக்கிறது. தகுதியுடையோர்க்கு நோய்க்கால ஊதிய இழப்பில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஈடு செய்யப்படுகிறது. இந்த ஊதிய ஈட்டைச் சாதாரணத் தனியார் பாலிசிகள் தருவதில்லை.

ஈ.எஸ்.ஐ. பொருந்தாத இடங்களில் குழுக் காப்பீடு எடுக்கலாம். அதற்குப் பொதுவாக ஏழு பேராவது இருத்தல் வேண்டும். அதற்கும் குறைவானவர்கள் எனில், ஒவ்வொரு தொழிலாளரும் தம் குடும்பத்துக்கு எடுக்கும் பாலிசிக்கு உரிமையாளர் பிரீமியத்தைப் பகிர்ந்துகொள்வது நல்ல வழி. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு உட்பட்டவர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை தங்களிடம் உள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை வரையறுக்கப்பட்ட சிகிச்சைகள் பெறலாம்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

ஒன்று: முன்பே உள்ள நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா? நாற்பதைக் கடந்தவர்கள் பணிபுரியும் இடத்தில், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர் எவரும் இல்லாதிருப்பது அரிது.

இரண்டு: அறை வாடகைக்கு வரம்பு உண்டா? இரண்டு இலட்சம் ரூபாய் பாலிசியில் நாளொன்றுக்கு ஒரு விழுக்காடு என்றால் வரம்பு ரூ.2,000. நோயாளி ரூ.4,000 வாடகையுள்ள அறையில் தங்கினால், வாடகையில் மட்டுமன்றி மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் பாதியே கிடைக்கக்கூடும். அக்கட்டணங்கள் ரூ.60,000 எனில் ரூ.30,000 குடும்பத்தின் தலையில் விழும். மருந்து, பொருத்தப்படும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இவ்வாறு விகிதப்படி கழிக்கலாகாது என்பது விதி.

மூன்று: யார் யாருக்குப் பாதுகாப்பு? மனைவி, மக்களுடன் பெற்றோரும் சேர்வரா? மகப்பேறும் பிறந்த குழந்தையும் அடங்குமா? காப்பீட்டுத் தொகை ஒவ்வொருவருக்குமா, குடும்பம் முழுமைக்குமா?

நான்கு: இணைக் கட்டணம் உண்டா? அதாவது, ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு பங்கை நோயாளியே செலுத்த வேண்டுமா? கண்புரை, மூட்டு மாற்று போன்ற சிகிச்சைகளுக்குத் தனி உச்சவரம்பு உண்டா?

ஐந்து: உங்கள் ஊரில் எந்த மருத்துவமனைகளில் ரொக்கமில்லாச் சிகிச்சை கிடைக்கும்? இடையில் வேலைக்குச் சேருபவரின் பெயரை எப்போது சேர்க்கலாம்? வேலையை விட்டுச் செல்பவர் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழியுண்டா?

இவற்றுக்கான விடைகளை எழுத்தில் பெறுங்கள். உறுப்பினர் படிவத்தில் நோய் விவரம் கேட்கப்பட்டால் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். தம் நோயை உரிமையாளரிடம் சொல்ல அஞ்சும் தொழிலாளர்கள் உண்டு. அதனால் வேலை போகாது என்ற உறுதியை முதலில் அவர்களுக்கு அளியுங்கள்.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு அறிவுறுத்தல்களின்படி, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். ரொக்கமில்லாச் சிகிச்சை மறுக்கப்படுவது, கோரிக்கையே முடிந்துபோனதாகப் பொருள்படாது. கட்டணத்தைச் செலுத்திவிட்டு, ஆவணங்களுடன் பின்னர் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். அதுவும் நியாயமின்றி மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடமும், பிறகு 'பீமா பரோசா' இணையதளத்திலும் முறையிடலாம். நிறுவனத்தின் பதில் நிறைவளிக்காவிடில் ஓம்புட்ஸ்மன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி, ரசீதுகள், பரிசோதனை முடிவுகள் அனைத்தையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

அந்தத் தொழிலாளர் இப்போது நலமாக இருக்கிறார். இலகுவான வேலைக்குத் திரும்பிவிட்டார். சென்ற முறை மறுபரிசோதனைக்கு வந்தபோது உரிமையாளரும் உடன் வந்து, புதுப்பித்த பாலிசியை எங்களிடம் காட்டினார். காத்திருப்புக் காலம் நீக்கப்பட்டிருந்தது. பிரீமியம் முன்பைவிடக் கூடுதல்தான். "நகைக்குக் கட்டிய வட்டியைவிடக் குறைவு" என்றார்.

பாலிசியைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் தொழிலகத்தில் வயதில் மூத்தவரை, நாள்தோறும் மாத்திரை உட்கொள்பவரை மனத்தில் நிறுத்திக்கொண்டு அதைப் படியுங்கள். அவருக்கு உதவும் பாலிசியே மற்ற அனைவருக்கும் உதவும்.