சுஷின்னா வேகாத மீன் மட்டும்தானா?

சுஷின்னதும் "ஐயோ, வேகாத மீனா?"ன்னு மெனுவை மூடிடுறவங்களுக்குத்தான் இந்த எபிசோட். சுஷிக்கு அடிப்படை மீன் இல்ல, சோறு. வினிகர், சர்க்கரை, உப்பு கலந்த, ஒட்டுற பதத்துல இருக்கிற ஜப்பானியச் சோறு. சோறே இல்லாம மீன் துண்டு மட்டும் வந்தா அது சஷிமி.

கையால பிடிச்ச சோத்து மேல ஒரு துண்டு வெச்சா நிகிரி. அதுல டூனா, சால்மன் பெரும்பாலும் வேகாதது. ஆனா எபின்னா பொதுவா வேகவெச்ச இறால், உனாகின்னா சுட்ட விலாங்கு, தமாகோன்னா முட்டை ஆம்லெட்.

நோரிங்கிற கடற்பாசித் தாள்ல சுருட்டினா மாகி. உள்ள டூனா இருந்தா தெக்கா, வெள்ளரிக்காய் இருந்தா கப்பா. சோறு வெளிப்பக்கம் வந்தா உராமாகி. கலிஃபோர்னியா ரோல் இந்த வகைதான்: அவகாடோ, வெள்ளரி, நண்டு. பல கடைகள்ல அந்த 'நண்டு', அரைச்ச மீன்ல செஞ்ச குச்சி.

சைவம் சாப்பிடுறவங்க கவனிங்க. இனாரின்னா இனிப்பா வேகவெச்ச டோஃபு பைக்குள்ள சோறு. பார்க்க சைவம்தான், ஆனா அந்தப் பையை தாஷிங்கிற மீன் சாறுல வேகவைக்கிறது வழக்கம். அதனால "தாஷி சேர்க்கிறீங்களா?"ன்னு கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க.