அலாய் சக்கரமும் உப்புக் காற்றும்

அம்பகரத்தூர் கடலினின்று சற்று உள்ளடங்கிய ஊரே. எனினும் காரைக்கால் கடற்கரைக்கும் நாகூருக்கும் சென்று மீளும் நம் கார்களின் சக்கரங்கள் உப்பைச் சுமந்தே வீடு திரும்புகின்றன.

அலாய் சக்கரம் அலுமினியக் கலவையால் ஆனது. மின்னேற்றிய பிசின் தூளை அதன்மீது தெளித்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கிப் படியச் செய்வதே பவுடர் கோட்டிங். இப்பூச்சு உறுதியானது, ஆயினும் கல் தெறித்துப் பெயர்ந்த சிறு புள்ளி வழியே உப்பும் ஈரமும் புகுந்தால், அடியிலுள்ள அலுமினியம் அரிக்கப்பட்டுப் பூச்சு கொப்புளிக்கும். அவ்வரிப்பு டயர் பொருந்தும் விளிம்பை எட்டினால் காற்று மெல்லக் கசியும். எனவே இஃது அழகு பற்றியது மட்டுமன்று. பயணிப்போர் பாதுகாப்பும் பற்றியதாகும்.

சக்கரம் ஆறியபின் முதலில் நீர் பாய்ச்சி மணலையும் பிரேக் துகளையும் அகற்றுவோம். பின்னர் கார் ஷாம்பூவும் மென்தூரிகையும் போதும். அமிலம், காரச்சோடா, கம்பிநார் ஆகியன பூச்சுக்குப் பகை. ஆழ்குழாய் நீர் உவர்ப்பாயின் இறுதியில் நன்னீரால் அலசி, ஈரம் காயுமுன் துணியால் ஒற்றியெடுத்தல் நலம். சில திங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசினால் அழுக்கு எளிதில் பற்றாது. பெயர்ந்த புள்ளியைக் கண்டவுடன் துடைத்து, உலர்த்தி, வண்ணம் தீட்டி அடைத்துவிட வேண்டும்.

சிறு புள்ளியை இன்று அடைப்போர்க்கு, சக்கரத்தையே மாற்றும் பெருஞ்செலவு பின்னர் நேராது.