தொட்டிலும் தள்ளுவண்டியும்: வார இறுதியில் ஒரு கொள்வனவு

பிள்ளை பிறப்பதற்கு முன்னர் அதற்கெனக் கடைக்குச் சென்று பொருள் வாங்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் எம்மவரிடையே பெரிதாக இருந்ததில்லை. வாங்கி வைத்தால் கண்ணூறு படும் என்பது ஒரு காரணம். வாங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பது மற்றைய காரணம். அம்மம்மாவின் பழைய நூற்சேலை வளையில் ஏணையாகத் தொங்கியது. தோய்த்துத் தோய்த்து மென்மையாகிவிட்ட வேட்டி கிழிபட்டுப் பிள்ளைக்குத் துணியாயிற்று. அயல்வீட்டுக் குழந்தையின் சட்டையை வாங்கி அணிவிப்பதில் எவருக்கும் கூச்சம் இருந்ததில்லை. பழந்துணியே பச்சை உடம்புக்கு இதம் என்றனர் பெரியோர்.

இலண்டனில் வாடகை அறையொன்றில் பிள்ளைப்பேற்றை எதிர்பார்த்திருக்கும் பெண்ணுக்கு அம்மம்மாவும் இல்லை, அவரது சேலையும் இல்லை. அவை இருந்த இடத்தில் இப்போது கடை இருக்கிறது. மருத்துவமனையிலும் பேரங்காடியிலும் கிடைக்கும் பட்டியல்கள் தொட்டில், மெத்தை, தள்ளுவண்டி, கார் ஆசனம், குளிப்பாட்டும் தொட்டி, போத்தல் சூடாக்கி என்று நீளுகின்றன. வாங்குபவரிடம் உள்ள பணமோ அளந்து கொடுக்கப்படுவது. 2024 ஜனவரியில், தாமே சமைத்துண்ணும் தஞ்சக் கோரிக்கையாளர் ஒருவருக்கு வாரமொன்றுக்கு 49.18 பவுண் என நிர்ணயிக்கப்பட்டது. கருவுற்ற தாய்க்கு 5.25 பவுணும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 9.50 பவுணும் மேலதிகமாக வழங்கப்பட்டன. இவற்றைவிட, பேறுகாலத்துக்கென ஒருமுறை மாத்திரம் 300 பவுண் கோரலாம். இதற்குக் காலவரையறை உண்டு. பேற்றுக்குப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்றிருந்து இத்தொகையை இழந்த குடும்பங்களை நாம் அறிவோம்.

அகதி அந்தஸ்துக் கிடைத்து, அரச உதவிப்பணம் பெறுவோருக்கு வேறு ஏற்பாடு உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும் வட அயர்லாந்திலும் முதற்பிள்ளைக்கு 500 பவுண் கோரலாம். பேற்றுக்குப் பதினொரு வாரங்களுக்கு முன்னிருந்து, பேற்றின் பின் ஆறு மாதங்கள் வரை இதற்கு விண்ணப்பிக்கலாம். நாட்டில் பிறந்த மூத்த பிள்ளைகளுடன் இங்கு வந்து அந்தஸ்துப் பெற்றோரும் இதனைக் கோர முடியும் என்பது எம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. ‘முதற்பிள்ளை’ என்ற சொல்லைக் கண்டதும் படிவத்தை மூடிவிடுகிறார்கள்.

அண்மையில் ஒரு வார இறுதியில், முதற்பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் இளந் தம்பதியருடன் கிழக்கு இலண்டன் கடைகளுக்கு நாமும் சென்றிருந்தோம். கணவருக்குப் புதிய தள்ளுவண்டி ஒன்றில் மனம் ஊன்றியிருந்தது. விலை 600 பவுணுக்கும் மேல். சீட்டு எடுத்தேனும் வாங்கிவிட வேண்டும் என்று எண்ணியிருந்தார். “எங்கட பிள்ளையும் பழசிலேயோ அண்ணை வளர வேணும்?” என்று அவர் கேட்டார்.

இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. பிறர் கழித்த உடையை அணிந்து, பிறர் கழித்த கட்டிலிற் படுத்து ஆண்டுகளைக் கழித்த ஒருவர், தம் பிள்ளைக்காவது அது நேரக்கூடாது என எண்ணுவது இயல்பு. ஆயினும் ஊரார் கண்ணில் படும் தள்ளுவண்டிக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, எவரும் பாராத மெத்தையிலும் கார் ஆசனத்திலும் சிக்கனம் பிடிப்பதையே எம்மவர் வீடுகளிற் பரவலாகக் காண்கிறோம். செய்யவேண்டியது இதற்கு நேர்மாறானது.

சனிக்கிழமை அறக்கொடைக் கடைகளில் கழிந்தது. குழந்தை உடைகளை வாங்க இவற்றைவிட நல்ல இடம் இல்லை. மூன்று மாதத்துக் குழந்தையின் சட்டை கிழிவதற்கு முன் சிறிதாகிவிடுகிறது; கடைக்கு வருவதும் ஏறக்குறையப் புதியதாகவே வருகிறது. ஒரு பை நிறைய உடைகளுக்கு எட்டுப் பவுண் கொடுத்தோம். தள்ளுவண்டியும் அங்கேயே அகப்பட்டது, 35 பவுணுக்கு. தடையை அழுத்திப் பார்த்தோம், மடித்து விரித்துப் பூட்டு விழுகிறதா என்று பார்த்தோம், வார்ப்பட்டையின் கொளுவியை இழுத்துப் பார்த்தோம். கணவர் முகம் தெளியவில்லை. மனைவி அதைக் கடைக்குள்ளேயே இருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு, “இது காணும்” என்றார்.

ஞாயிறு காலை, பாடசாலை வளவொன்றில் கார்களின் பின்புறத்தைத் திறந்துவைத்து விற்கும் சந்தைக்குச் சென்றோம். மரத்தொட்டில் ஒன்று 30 பவுணுக்கு இருந்தது. அளவுநாடாவை நாம் கையோடு கொண்டு சென்றிருந்தோம். கம்பிகளுக்கிடையிலான இடைவெளி 4.5 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் 6.5 சென்ரிமீற்றருக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். கூடினால் குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிவிடும். அளவு சரியாக இருந்தது. ஆணிகளும் திருகிகளும் எண்ணிப் பெறப்பட்டன. தொட்டிலோடு இலவசமாகத் தருவதாகக் கூறிய மெத்தையை வாங்காமல் விட்டோம். நடுவே குழி விழுந்திருந்தது.

மெத்தை புதியதாக இருத்தல் நன்று. உறுதியாகவும் சமதளமாகவும் நீர்புகா உறையுடனும், தொட்டிலின் உட்புறத்துக்கு இடைவெளியின்றிப் பொருந்துவதாகவும் இருக்கவேண்டும். தலையணையும் ஓரத்து மெத்தைத் துணிகளும் வேண்டியதில்லை. 1991இல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்குமாறு பிரித்தானியாவில் இயக்கமொன்று தொடங்கப்பட்டது. அதன் பின்னர் உறக்கத்தில் திடீரென நிகழும் குழந்தை மரணங்கள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலாகக் குறைந்துள்ளன. எங்கள் ஏணை வளைந்து தொங்குவது. இங்கு இரவுத் தூக்கத்துக்கு அதைக் கட்ட விரும்புவோர் மருத்துவமாதுவிடம் முதலில் கேட்டறிதல் நலம்.

அதே சந்தையில் ஐந்து பவுணுக்கு ஒரு கார் ஆசனம் இருந்தது. துணி துவைத்து மணந்தது. கீறல் ஒன்றும் தெரியவில்லை. விபத்தொன்றில் அகப்பட்ட ஆசனமும் பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். ஓட்டின் உள்ளே வெடிப்பு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. இதனாலேயே அறக்கொடைக் கடைகளிற் பெரும்பாலானவை கார் ஆசனங்களை ஏற்பதில்லை. வரலாறு முழுவதும் தெரிந்த உறவினரின் ஆசனமானால் வேறு விடயம். அதிலும் R44 அல்லது R129 என்ற குறியீடும், வட்டத்துக்குள் E என்ற எழுத்தும் கொண்ட ஒட்டுத்தாள் இருக்கிறதா எனப் பார்க்கவேண்டும். புதியதே வாங்குவோருக்கு ஒரு சிறு ஆறுதல்: தள்ளுவண்டிக்கு 20 வீதம் அறவிடப்படும் வற் வரி, கார் ஆசனத்துக்கு 5 வீதமே.

எம்முடன் வந்த தம்பதியரிடம் கார் இல்லை. மருத்துவமனை பேருந்தில் பத்து நிமிடத் தூரம். பேருந்தில் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு செல்பவருக்குக் கார் ஆசனமே தேவையில்லை என்றபோது இருவரும் வியந்தனர். ஆசனம் இல்லையேல் பிள்ளையைத் தரமாட்டார்கள் என யாரோ சொல்லியிருந்தார்களாம்.

பால்மா பற்றியும் ஒரு சொல். தாய்ப்பால் கொடுக்க இயலாதோர் விலை கூடிய பேணியே சத்துக் கூடியது எனக் கருதுகின்றனர். இந்நாட்டில் விற்கப்படும் முதல்நிலைப் பால்மா அனைத்தும் சட்டம் விதித்த ஒரே போசணைத் தரத்துக்கு உட்பட்டவை. மலிவான பேணியை வாங்குவதால் பிள்ளைக்கு எதுவும் குறைந்துவிடாது.

கையில் எதுவுமே இல்லாதோர் மருத்துவமாதுவிடம் தயங்காது சொல்லவேண்டும். இலண்டனில் 2016இல் தொடங்கப்பட்ட ‘லிற்றில் வில்லேஜ்’ போன்ற குழந்தைப் பொருள் வங்கிகள், மருத்துவமாதுவோ சமூகசேவை உத்தியோகத்தரோ பரிந்துரைத்தால் தொட்டில் முதல் உடை வரை இலவசமாக வழங்குகின்றன. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வரும் உறவினரிடமும் என்ன தேவை என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஒரே அளவில் பதினாறு சட்டைகள் வந்து குவிந்த வீடுகள் உண்டு. நப்பிப் பொதி ஒன்றும் வராத வீடுகளும் அவையே.

அவ்விரு நாட்களிலும் அத்தம்பதியர் செலவிட்டது 107 பவுண். உடை எட்டு, தள்ளுவண்டி 35, தொட்டில் 30, புதிய மெத்தை 30, குளிப்பாட்டும் தொட்டி நான்கு. மிகுதிப் பணம் முதல் மாதங்களின் நப்பிக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. தள்ளுவண்டியின் முன்சில்லு ஒன்று கிறீச்சிடுகிறது. எண்ணெய் விட்டால் சரிவரும் எனக் கணவர் கூறினார்.